சொல்லக் கேட்டு எழுதியவர்

என் முனைவர் பட்ட ஆய்வேட்டை நான் வேர்டில் எழுதவில்லை, எக்ஸ்எம்எல்லில் எழுதினேன். சொன்னதும் "கணினித் துறையா?" என்று கேட்பார்கள். தமிழ்த் துறைதான். வை.மு. கோதைநாயகியின் எழுத்துகளே என் ஆய்வுப் பொருள்.

வேர்டில் நூற்பெயரைச் சாய்க்கிறோம், தலைப்பைத் தடிமனாக்குகிறோம். ஒரு சொல் எப்படித் தெரிய வேண்டும் என்பதை மட்டுமே அங்கே சொல்கிறோம். எக்ஸ்எம்எல்லில் அது என்ன என்று சொல்லியாக வேண்டும். இது ஆளின் பெயர், இது ஊர், இது நூல் என்று முன்னும் பின்னும் குறி இடுகிறோம். தோற்றத்தை எக்ஸ்எஸ்எல்டி பார்த்துக்கொள்ளும். ஒரே கோப்பிலிருந்து அச்சுக்கான பிடிஎஃபும் பெயரடைவும் எடுக்கலாம். எந்தக் குறிகளை எப்படி இடுவது என்பதற்கு டி.இ.ஐ. என்ற பொது நெறிமுறை உண்டு. 1987இல் தொடங்கிய முயற்சி அது. மறுவருடமே அமெரிக்காவின் பிரவுன் பல்கலைக்கழகத்தில், பழைய ஆங்கிலப் பெண் எழுத்துகளை மின்வடிவாக்கும் திட்டம் ஒன்று தொடங்கியது. அத்திட்டம் பின்னர் இந்த நெறிமுறையையே கைக்கொண்டது.

கோதைநாயகியின் முதல் படைப்பு 'இந்திர மோகனா' என்ற நாடகம். அப்போது அவருக்குச் சரளமாக எழுத வராது. அவர் சொல்லச் சொல்ல எழுதியவர் தோழி பட்டம்மாள். பிறகுதான் கோதைநாயகி எழுதப் பழகினார், 1925இல் 'ஜகன்மோகினி' இதழை ஏற்றார், நூற்றுக்கும் மேற்பட்ட நாவல்கள் எழுதினார். பட்டம்மாள் அந்தக் கதையில் அரைவரியோடு நின்றுவிடுகிறார்.

டி.இ.ஐ. கோப்பின் தலைப்பகுதியில் 'ஆசிரியர்' குறியை அடுத்து 'பொறுப்பு' என்று ஒரு குறி இடலாம். என்ன வேலை, செய்தவர் யார் என்ற இரண்டையும் அதில் நிரப்ப வேண்டும். நான் தமிழிலேயே நிரப்பினேன். வேலை: சொல்லக் கேட்டு எழுதியது. பெயர்: பட்டம்மாள். பிறகு அவருக்கான ஆள் குறிப்பைத் திறந்தேன். பிறப்பு, இறப்பு, ஊர் என எதற்கும் நான் பார்த்த நூல்களில் விடை இல்லை. அந்தக் குறிகளை நீக்கியிருந்தால் கோப்பு சுத்தமாக இருந்திருக்கும். ஆனால் ஒன்று குறைகிறது என்பதே யாருக்கும் தெரியாமல் போயிருக்கும். வெறுமையாகவே விட்டுவைத்தேன்.

இந்தக் கருவியும் நம் உலகத்தில் பிறந்ததுதான். ஆள் குறிப்பில் பாலைக் குறிக்க அந்த நெறிமுறை முன்பு ஒரு சர்வதேசத் தரத்தைக் காட்டியது. அதில் ஆணுக்கு எண் 1, பெண்ணுக்கு 2. இந்த வரிசைக்குப் பொருள் ஏதுமில்லை என்று அத்தரமே சொல்கிறது. பொருளில்லாத இடத்திலும் நமக்கு இரண்டாம் எண்தான் விழுகிறது. இப்போது பாலுக்கும் பாலினத்துக்கும் தனித்தனிக் குறிகள் உள்ளன. கேட்டதால் வந்தவை அவை.

பழைய அச்சைக் கணினி பிழையில்லாமல் படிக்கவில்லை. மூலப் பக்கங்களை என் அம்மாதான் தட்டச்சு செய்தார். பல வருடம் ஜாப் டைப்பிங் செய்தவர் அவர். எத்தனையோ பேரின் ஆய்வேடுகளை அடித்தார், சந்திப்பிழை திருத்தினார், விடுபட்ட அடிக்குறிப்பைக் கண்டுபிடித்துக் கேட்டார். நன்றியுரைகளில் அவர் 'தட்டச்சு நிலையத்தார்' ஆனார்.

என் ஆய்வேட்டில் 'பொறுப்பு' குறியில் அவர் பெயரை இட்டு, முகப்புப் பக்கத்திலேயே அச்சாகும்படி செய்தேன். அலுவலகம் திருப்பி அனுப்பியது. படிவப்படி அங்கே ஆய்வாளர், நெறியாளர் பெயர்களுக்கு மட்டுமே இடம். "ஏம்மா, இதுக்கெல்லாம் போராட்டமா? நன்றியுரைல போட்டுடேன்" என்றார் நெறியாளர். நன்றி வேறு, பொறுப்பு வேறு என்றேன். கடைசியில் பின்னிணைப்புக்குச் சம்மதித்தார்கள். யார் எந்தப் பக்கத்தில் என்ன வேலை செய்தார் என்ற பட்டியல் அங்கே இருக்கிறது. பட்டம்மாளும் அம்மாவும் அதில் இருக்கிறார்கள். இந்தக் கட்டுரையில் பெயரைச் சொல்ல அம்மா விடவில்லை. "ஆய்வேட்டுல போட்டதே போதும்டி" என்கிறார்.

ஆய்வு செய்யும் தோழிகளே, நீங்கள் வேர்டிலேயே எழுதுங்கள், பரவாயில்லை. யார் படியெடுத்தார், யார் மொழிபெயர்த்துச் சொன்னார், கள ஆய்வுக்குப் போனபோது உங்கள் குழந்தையை யார் பார்த்துக்கொண்டார் என்று முதல் நாளிலிருந்தே எழுதி வையுங்கள். கடைசி வாரத்தில் யோசித்தால் பெயர்கள் நினைவுக்கு வராது.