கல்முனைக் கடலில் ஒரு காலை

சுபஹுத் தொழுகை முடித்தவர்கள் கரைக்கு வந்துகொண்டிருந்த வேளையில் நாங்கள் சாய்ந்தமருதுக் கடற்கரையை அடைந்தோம். கிழக்கு வெளுத்திருந்தது. எங்களை அழைத்திருந்த படகுக்காரக் காக்கா, “ஏறுங்க தம்பி, காத்துக் கிளம்ப முன்ன வேலைய முடிச்சிருவம்” என்றார்.

வேலை யாதெனில், அவருடைய படகின் வேகமானியையும் நீரின் வெப்பநிலை காட்டும் கருவியையும் சோதித்துத் திருத்துவதே. சென்ற மாதம் கருவி காட்டிய வேகத்தைக் கொண்டு தூரத்தைக் கணக்கிட்டவர், எண்ணியதினும் அதிக தூரம் சென்றுவிட்டார்; திரும்பும் வழியில் எண்ணெய் தீர்ந்தது. வேறொரு படகு கட்டியிழுத்து வந்ததாம். 2022ஆம் ஆண்டின் எரிபொருள் பஞ்சத்தில் படகுகள் கரையிலே கிடந்ததைக் கண்டவருக்கு ஒவ்வொரு லீற்றரும் பெரிது.

முற்காலத்து மாலுமிகள் கயிற்றில் பலகையைக் கட்டிக் கடலில் விட்டு, 28 விநாடி மணற்கடிகையில் எத்தனை முடிச்சு ஓடிற்று என்று எண்ணினர். முடிச்சுகளின் இடைவெளி 47 அடி 3 அங்குலம். கப்பலின் வேகத்தை இன்றும் ‘நொட்’, அதாவது முடிச்சு, என்பது அதனாலேயே. ஒரு நொட் என்பது மணிக்கு ஒரு கடல் மைல்; அது 1,852 மீற்றர். இன்றைய கருவியிலோ படகின் அடியில் ஒரு சிறு சக்கரம் சுழல்கிறது. அதன் சுற்றுகளை மின்கருவி எண்ணுகிறது. பாசி படிந்தாலும், படகோடு ஒட்டி நீர் இழுபட்டாலும் எண்ணிக்கை பிசகும்.

சக்கரத்தைத் துடைத்துவிட்டுப் புறப்பட்டோம். தெற்கே ஒலுவில் வெளிச்சவீட்டுத் திசையில் ஒரே சீராக ஓடியபோது, எங்கள் கையிலிருந்த செய்மதிக் கருவி 7 நொட் காட்டிற்று. படகின் மானியோ 5. “ரெண்டு குறையுதே!” என்றார் காக்கா. அவசரப்படாமல் படகைத் திருப்பி, இயந்திரத்தை அதே கதியில் வைத்து வடக்கே ஓடினோம். இப்போது செய்மதிக் கருவியும் 5, மானியும் 5!

வாசக நேயர்களே, இங்கேதான் சூட்சுமம். செய்மதி அறிவிப்பது நிலத்தைச் சார்ந்த வேகம். சக்கரம் அறிவிப்பது நீரைச் சார்ந்த வேகம். தெற்கே ஓடிய நீரோட்டம் போகும்போது ஒரு நொட் கூட்டிற்று. வரும்போது ஒரு நொட் குறைத்தது. இரு வேகங்களின் சராசரியான 6 நொட்டே நீரில் படகின் உண்மை வேகம். ஆகவே மானி காட்டுவதுடன் 20 சதவீதம் கூட்டுமாறு திருத்தினோம். ஒரு திசையை மட்டும் நம்பியிருந்தால், பிழையைத் திருத்தப்போய் வேறொரு பிழையைப் புகுத்தியிருப்போம்.

வெப்பமானிக்கு மீன் பெட்டியின் பனிக்கட்டியே துணை செய்தது. அதை நொறுக்கி நன்னீரில் கலக்கினால் வெப்பநிலை 0 பாகை. கருவியோ 2 என்றது. வாளியில் மொண்ட கடல்நீரிலும் நல்ல வெப்பமானி 29 காட்ட, அது 31 என்றது. இரண்டிடத்திலும் பிழை ஒன்றே. 2 பாகை கழித்தோம். சூரை போன்ற மீன்கள் வெந்நீரும் தண்ணீரும் சந்திக்கும் எல்லைகளில் திரள்வதுண்டு. ஆதலால் இதுவும் வீண் வேலையன்று.

கரையேறியதும் காக்கா, “போனது மட்டும் பாத்தாப் போதாது, திரும்பி வந்தும் பாக்கணும்” என்றார். ஆசிரியரைக் குறிக்கும் ‘முஅல்லிம்’ என்னும் அரபுச் சொல்லிலிருந்தே நம் ‘மாலுமி’ பிறந்தது. அன்று எங்களுக்கு அதன் பொருள் நன்கு விளங்கிற்று.