விளையாட்டுக் கருவியும் வெப்பக் கணக்கும்

கணினித் திரையில் ஓடும் குதிரையும் சீறும் அலையும் மெய்போலத் தோன்ற வேண்டுமாயின், திரையிலுள்ள பல இலட்சம் புள்ளிகளுக்கும் நிறம் இன்னதென ஒவ்வொரு நொடியிலும் பன்முறை கணக்கிடுதல் வேண்டும். அக்கணக்கு, தனித்தனியே நோக்கின் மிக எளியது. தொகையாலோ மலைக்கத் தக்கது. இதன்பொருட்டுத் தோன்றியதே வரைகலைச் செயலி. அதனைத் தாங்கிய பலகையை மாணாக்கர் கிராபிக்ஸ் கார்டு என்பர். பெற்றோர் சிலர் பிள்ளைகளைக் கெடுக்கும் பொருள் என்பர்.

அப்பொருளைக் கொண்டே வானிலையும் புரதங்களின் மடிப்பும் ஆராயப்படுகின்றன என்பதை யான் அறிய நேர்ந்த வகை பின்வருமாறு. என் அறைத்தோழன் பௌதிக வகுப்பினன். அவன் தமையன் விளையாட்டிற்கென வாங்கி விட்டுச் சென்ற கார்டு ஒன்று அவனிடம் உளது. மூத்த மகன் தேர்வில் தவறியதற்கு அதுவே காரணமெனக் கருதிய தந்தையார், விடுமுறையில் அதனைக் கொணர்ந்து விற்றுவிடுமாறு பணித்தார். அவர் தஞ்சை நாட்டில் நெல் விளைப்பவர். “தொலைபேசியிற் பேசினால் சினமே மிகுகின்றது, உன் தமிழ் எதற்கு இருக்கிறது? நீ கடிதமாக எழுது” என்றான் தோழன். எழுதுமுன் யான் கற்க வேண்டியதாயிற்று.

2001-ஆம் ஆண்டு முதல் இச்செயலிகளுக்குச் சிறு கட்டளைத் தொடர்களை எழுதும் வசதி பெருகிற்று. ஆயினும் படம் வரைதலன்றிப் பிறிதொன்றையும் அவை அறியா. ஆகவே ஆராய்ச்சியாளர் தம் எண்களைப் படத்தின் நிறங்களாக்கி உள்ளே விடுத்து, ஒரு நாற்கோணம் வரையுமாறு ஏவி, வரைந்த நிறங்களை மீண்டும் எண்களாகப் படித்தனர். நீரோட்டத்தின் கணக்கு வேண்டியவன் ஓவியம் வேண்டுவான்போல் நடித்தான்! மன்னர் மாறுவேடம் பூண்ட கதைகள் பல கேட்டுளோம். எண்கள் மாறுவேடம் பூண்ட கதை எனக்குப் புதிது. 2002-இல் மார்க் ஹாரிஸ் என்பார் இம்முயற்சிக்கு ஜி.பி.ஜி.பி.யு. எனப் பெயரிட்டார். 2004-இல் ஸ்டான்போர்டில் இயன் பக் முதலியோர் புரூக் என்னும் மொழியை இச்செயலிகளுக்கென அமைத்தனர். அவர் பின்னர் என்விடியா நிறுவனத்தைச் சேர்ந்தார். அந்நிறுவனம் 2006-இல் அறிவித்து 2007-இல் வெளியிட்ட கூடா என்னும் ஏற்பாடு அவ்வேடத்தைக் களைந்தது. தமிழிற் ‘கூடா’ என்பது மறுப்புச் சொல்; இதுவோ கூடாதவற்றைக் கூட்டுவித்தது.

அதன்பின் நிகழ்ந்தவை விரைந்து நிகழ்ந்தன. சீனத்தின் தியான்ஹே-1ஏ, 7,168 வரைகலைச் செயலிகளுடன் 2010 நவம்பரில் உலகின் மிக விரைவான கணினியாயிற்று. 2012-இல் டொரண்டோ பல்கலைக்கழகத்தார், படங்களை இனங்கண்டு கூறும் அமைப்பொன்றைச் சுமார் 12 இலட்சம் படங்கள் காட்டிப் பயிற்றியதோ விளையாட்டுக் கார்டுகள் இரண்டனைக் கொண்டே. ஐந்தாறு நாட்கள் போதுமாயின. இத்துணை ஆற்றல் எளிய விலையிற் கிடைத்தது எதனால்? விளையாடும் இளைஞர் பெருந்தொகையினராய் வாங்கினமையால். ஆராய்ச்சியாளர் மட்டுமே வாங்குவராயின் யார் இதனை மலிவாகச் செய்து தருவர்? (இதனைக் கடிதத்தில் யான் எழுதினேனல்லேன்.)

எழுதியது நடவைப் பற்றி. “ஐயா, எத்துணைக் கைவிரைவு உடையவராயினும் நால்வர் நட்டால் நாட்கள் பல செல்லும், நாற்பதின்மர் வரிசையில் நின்றால் பொழுது சாயுமுன் முடியும். கணினியின் மையச் செயலி விரைந்து நடும் சிலர், இக்கார்டோ மெல்ல நடும் ஆயிரவர்” என்றேன். தோழன் செய்வது ஓர் உலோகத் தகட்டில் வெப்பம் பரவும் கணக்கு. தகட்டை நீளத்தில் 4,000, அகலத்தில் 4,000 எனப் பகுத்தால் ஒரு கோடியே அறுபது இலட்சம் புள்ளிகள். ஒவ்வொன்றின் புதிய வெப்பமும் அண்டையிலுள்ள நான்கின் பழைய வெப்பத்தின் சராசரி. பழையதே போதுமாதலின் ஒருவர் மற்றொருவர்க்காகக் காத்திரார்.

எல்லாக் கணக்கும் நடவன்று. நூறு புலவர் நூறு தனி வெண்பாக்களை ஒருங்கே பாடலாம். அந்தாதி பாடுதல் அரிது. முதற்பாட்டின் ஈறு வாராது இரண்டாவது தொடங்காதன்றோ? ஜீன் ஆம்டாலின் 1967-ஆம் ஆண்டு வாதத்தினின்று எழுந்த விதி இதனையே கூறும்: வேலையிற் பத்தில் ஒரு பங்கு வரிசையாகவே நடத்தற்குரியதாயின், எத்தனை ஆயிரவரைக் கூட்டினும் விரைவு பத்து மடங்கைத் தாண்டாது. இவ்வுவமையை யான் பெருமிதத்துடன் கூற, “ஈற்றுச்சொற்கள் நூற்றையும் முன்னரே வகுத்துக்கொண்டால்?” என்றான் தோழன். கணக்கை அவ்வாறு மாற்றியமைத்தலே இத்துறையினரின் பெரும்பாடாம். அங்ஙனம் பிறந்த அந்தாதி பாட்டாகுமா என்பது எங்கள் துறையினர் ஆராயற்பாலது.

பத்து நாள் கழித்து மறுமொழி வந்தது. விற்பது பற்றி அதில் ஒரு சொல்லும் இல்லை. “தம்பி, ஆள் கூட்டினால் ஆயிற்றா? நாற்றங்காலிலிருந்து முடி வந்து சேர வேண்டாமா? உங்கள் ஆயிரம் பேருக்கும் முடி சுமப்பவர் யார்?” என்று கேட்டிருந்தார்.

தோழன் அதனை மும்முறை படித்தான். கணினியின் நினைவகத்திலிருந்து கார்டிற்கு எண்கள் செல்லும் வழி, கார்டிற்குள் அவை ஓடும் வழியினும் பன்மடங்கு குறுகியது. அவனோ ஒவ்வொரு படி முடிந்ததும் கோடிக்கு மேற்பட்ட எண்களை வெளியே கொணர்ந்து மீண்டும் உள்ளே அனுப்பிக்கொண்டிருந்தான். ஆயிரவரும் வரப்பில் நின்றிருந்தனர். அன்றிரவே கட்டளைத் தொடரைத் திருத்தி எழுதலானான். எண்கள் கார்டின் நினைவகத்திலேயே தங்கும்; நூறு படிக்கு ஒருமுறையே வெளிவரும்.