என் வாள் கெடுத்த விளையாட்டு



போன மே மாத லீவுக்கு எங்கள் பெரியம்மா மகன் வந்திருந்தார். காலேஜ் படிக்கிற அந்த அண்ணன்தான் எனக்கும் என் தம்பிக்கும் ‘டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ சொல்லிக் கொடுத்தார். 1974-இல் அமெரிக்காவில் கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னிசன் என்ற இருவர் உருவாக்கி வெளியிட்ட விளையாட்டு இது. ஒருவர் கதை சொல்வார். மற்றவர்கள் ஆளுக்கொரு வேஷம் எடுத்து, “நான் இதைச் செய்கிறேன்” என்று சொல்ல வேண்டும். அது பலிக்குமா என்று 20 முகமுள்ள பகடை சொல்லும்.

நான் வீராங்கனை, தம்பி மந்திரவாதி. ஆறாவது படிக்கிற அவன் வகுப்பில் வாயே திறக்க மாட்டான். ஆனால் இதில் கையை ஆட்டி ஆட்டி மந்திரம் சொன்னான்! நோட்டின் கடைசிப் பக்கத்தில் 12 மந்திரம் எழுதி வைத்திருந்தான்.

நான் அண்ணனிடம், “என் பக்கத்துல எந்த மந்திரமும் பலிக்காத வாள் வேணும்” என்று அடம் பிடித்தேன். சிரித்துக்கொண்டே கொடுத்தார்.

முதல் நாள் ஒரே குஷி. சூனியக்காரன் எறிந்த நெருப்பு என் கிட்ட வந்ததும் அணைந்தது. மூன்றாம் நாள் சப்பென்று ஆகிவிட்டது. பகடை உருட்டப் பயமே இல்லை. அதைவிட மோசம், தம்பியின் மந்திரமும் என் பக்கத்தில் பலிக்கவில்லை. “அப்ப நான் எதுக்கு?” என்று நோட்டை மூடிவிட்டு ஆட்டை அவிழ்க்கப் போய்விட்டான்.

அப்போதுதான் அண்ணன் விளக்கினார். அந்த விளையாட்டில் ‘பிஹோல்டர்’ என்று ஒரு பூதம் உண்டு. உருண்டை உடம்பு, நடுவில் ஒரு பெரிய கண், மேலே 10 சின்னக் கண்கள். 2014 விதிப்படி பெரிய கண் பார்க்கிற பக்கம் 150 அடி வரை மந்திரம் பலிக்காது. ஆனால் அதன் சின்னக் கண்கள் விடுகிற மந்திரக் கதிரும் அங்கே பலிக்காது! ‘ஹோலி அவெஞ்சர்’ என்ற வாள் மந்திரத்தை முறிக்கும். 1979 விதிப்புத்தகத்தில் அந்தச் சக்தி ‘பாலடின்’ என்ற புனித வீரன் கையில் மட்டும்தான். மற்றவர்களுக்கு அது சுமாரான மந்திர வாள்தான். “பெரிய பலத்துக்குப் பெரிய பூட்டு வேணும். அதுதான் பேலன்ஸ்” என்றார்.

கேட்டுக்கொண்டிருந்த அம்மாச்சி, “கர்ணனோட சக்தி ஆயுதம் மாதிரியா?” என்றது. ஆமாம்! இந்திரன் கொடுத்த அதை ஒரு தடவைதான் எறியலாம். அர்ச்சுனனுக்கு என்று வைத்திருந்ததை, மாயப்போர் செய்த கடோத்கஜன் மேல் எறிய வேண்டியதாகிவிட்டது.

நான் தம்பியைக் கூப்பிட்டு, “என் வாளுக்கு நீயே பூட்டுப் போடு” என்றேன். ரொம்ப நேரம் யோசித்தான். “மூணு தடவை பகடை உருட்டுற வரைக்கும்தான் சக்தி. அப்புறம் அன்னைக்கு முழுக்க வெறும் இரும்பு. ஏன்னா அதைச் செஞ்சதே ஒரு மந்திரவாதி. தன் பிள்ளைங்களையும் அது அடக்கிடுமோன்னு பயந்துட்டாரு” என்றான். அண்ணனே கைதட்டினார்.

கடைசி நாள் நடுக்காட்டில் என் வாள் வெறும் இரும்பாகிவிட்டது. எதிரில் மூன்று பேய்கள். நெஞ்சு படபட என்று அடித்தது. தம்பி பகடையை உருட்டி, எழுந்து நின்று சத்தமாக மந்திரம் சொன்னான். விழுந்தது 19! நான் பிழைத்தேன்.

எல்லாரையும் அடக்குகிற பலம் நம்மிடமே இருந்தால், கூட விளையாட ஆள் இருக்காது. நீங்களும் யோசித்துப் பாருங்களேன்!

– ஒன்பதாம் வகுப்பு மாணவி