பெயரை இழந்த கப்பல்

கப்பலுக்கு யாரும் ஜாதகம் கணிப்பதில்லை. கணித்திருந்தால், ஜப்பானியக் கடற்படையின் 102-ஆம் எண் ரோந்துக் கப்பலின் ஜாதகத்தைப் பார்த்த ஜோசியர், ஏட்டை மூடி வைத்துவிட்டுக் குடிக்கத் தண்ணீர் கேட்டிருப்பார்!

ஜப்பானியக் கப்பல் என்று சொன்னேனே தவிர, அது பிறந்தது அமெரிக்காவிலுள்ள பிலடெல்பியாவில். 1920-ஆம் வருஷம் நீரில் இறங்கிய அந்த நாசகாரிக் கப்பலுக்கு 'ஸ்டூவர்ட்' என்று பெயர் வைத்தார்கள். நாசகாரி என்றதும் பயந்துவிடாதீர்கள். நீளம் 314 அடி; யுத்தக் கப்பல்களில் சின்ன ரகந்தான். 1923-ல் ஜப்பானில் பெரும் பூகம்பம் ஏற்பட்டபோது, யோகோஹாமாவுக்கு விரைந்து சென்று உதவி செய்த கப்பல்களில் இதுவும் ஒன்று. அதே ஜப்பானுக்கு ஊழியம் செய்யும் காலம் வரும் என்று அன்று யார் கண்டார்கள்?

1942 பிப்ரவரியில் பாலித் தீவின் அருகே நடந்த இரவுச் சண்டையில் ஸ்டூவர்ட் அடிபட்டது. ஜாவாவிலுள்ள சுரபயா துறைமுகத்துக்குத் தட்டுத் தடுமாறி வந்து, கப்பலைத் தண்ணீருக்கு மேலே தூக்கிப் பழுது பார்க்கும் மிதக்கும் துறையில் ஏறிற்று. அங்கே முட்டுக் கொடுத்ததில் பிசகு. துறை மேலே எழும்பியபோது, கப்பல் சரிந்து ஒருபக்கமாகப் படுத்துவிட்டது! எதிரியின் பீரங்கி முடிக்காத காரியத்தை முட்டுக்கட்டை முடித்துவிட்டது. ஜப்பானியரோ நெருங்கிக்கொண்டிருந்தார்கள். வேறு வழியில்லாமல் கப்பலை வெடி வைத்துச் சிதைத்துக் கைவிட்டார்கள். அமெரிக்கக் கடற்படை தன் பட்டியலில் அதன் பெயரை அடித்துவிட்டு, அந்தப் பெயரைப் புதிய கப்பல் ஒன்றுக்குச் சூட்டியது.

ஆனால் ஜப்பானியர் அதை விடவில்லை. 1943-ல் நீரிலிருந்து தூக்கிச் செப்பனிட்டார்கள். அதே வருஷம் செப்டம்பரில் அது 102-ஆம் எண் ரோந்துக் கப்பலாயிற்று. முன்னாலிருந்த இரண்டு புகைபோக்கிகளை ஒன்றாக இணைத்தார்கள். வேஷம் மாறினாலும் உடல்வாகு மாறுமா? "எதிரியின் கடலுக்குள்ளே அமெரிக்கக் கப்பல் ஒன்று திரிகிறதே!" என்று நேச நாட்டு விமானிகள் சேதி அனுப்பிக்கொண்டே இருந்தார்கள்.

1944 ஆகஸ்டு 24-ந் தேதி. பிலிப்பைன்ஸில் லூசான் தீவின் கரையோரம். 'ஹார்டர்' என்ற அமெரிக்க நீர்மூழ்கிக் கப்பலை ஒரு ஜப்பானியக் காவல் கப்பல் குண்டு போட்டு மூழ்கடித்தது. அதிலிருந்த 79 பேரில் ஒருவரும் பிழைக்கவில்லை. அந்தக் காவல் கப்பலுக்குத் துணையாக அன்று அங்கே இருந்தது நம்முடைய 102!

இந்த இடத்துக்கு வந்ததும் எனக்குப் பேனா ஓடவில்லை. இரும்புக்கு விசுவாசம் ஏது, சுக்கானைப் பிடித்தவன் கட்சிதானே அதன் கட்சி என்று அறிவு சொல்கிறது. ஆனால் அந்த 79 வீடுகளில் இந்தச் சமாதானம் எடுபடுமா?

எதிரியிடம் அகப்பட்டு, அவன் ஏவிய வேலையைச் செய்து, உயிரோடு திரும்புகிறவனை ஊர் லேசில் ஏற்றுக்கொள்வதில்லை. "அங்கே என்ன செய்தாய்?" என்றுதான் முதலில் கேட்கும். யுத்தம் முடிந்து, ஜப்பானில் கூரே நகரத்தின் பக்கத்தில் இந்தக் கப்பலைக் கண்டுபிடித்த அமெரிக்கர்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? 1945 அக்டோபர் 29-ந் தேதி சடங்கு நடத்தித் தங்கள் கடற்படையில் மறுபடியும் சேர்த்துக்கொண்டார்கள். பழைய பெயர்தான் கைமாறிவிட்டதே! 224 என்ற பழைய எண் மட்டும் மிச்சம். மாலுமிகளே ஒரு செல்லப்பெயர் வைத்தார்கள்: 'ராம்ப் 224'. எதிரியின் சிறையிலிருந்து மீண்ட போர்வீரர்களைக் குறிக்க ராணுவத்தில் வழங்கிய சுருக்கெழுத்துத்தான் 'ராம்ப்'. துரோகி என்று ஒதுக்காமல், சிறை மீண்டவன் என்று தோளில் கை போட்டுவிட்டார்கள்!

ஊர் திரும்பும் வழியில் இயந்திரம் நின்றுபோக, 1946 மார்ச்சில் வேறு கப்பல் இழுத்துவர, சான் பிரான்சிஸ்கோ வந்து சேர்ந்தது. மே 24-ந் தேதி குண்டுப் பயிற்சிக்கு இலக்காக வைத்து, சொந்தக் கடற்படையே அதை மூழ்கடித்தது.

2024-ஆம் வருஷம் ஹார்டரைப் பிலிப்பைன்ஸ் கடலடியில் கண்டுபிடித்த செய்தி வெளிவந்தது. அதே வருஷம் ஆகஸ்டில் இந்தக் கப்பலும் கலிபோர்னியாவுக்கு அப்பால், சுமார் 3,500 அடி ஆழத்தில், அதிகம் சிதையாமல் நிமிர்ந்து நிற்கக் கண்டார்கள். பத்திரிகைகள் 'ஸ்டூவர்ட் அகப்பட்டது!' என்றே எழுதின. 1942-ல் பறிபோன பெயர், அன்றைக்குத்தான் திரும்பக் கிடைத்தது.