வாசித்துப் பார்க்காமல் வாங்கும் வயலின்

ஆன்லைன் ஏலத் தளங்களில் ‘பழைய வயலின்’ என்று தேடிப் பாருங்கள். கொஞ்ச நேரத்தில் ஒரு ஸ்ட்ராடிவாரியஸ் கிடைத்துவிடும்! வயலினின் எஃப் வடிவத் துளை வழியே எட்டிப் பார்த்தால், உள்ளே ஒட்டிய பழுப்பேறிய காகிதத்தில் அந்தப் பெயரும் 1721 மாதிரி ஒரு வருடமும் இருக்கும். தாத்தாவின் பரணில் கிடைத்தது, வயலின் பற்றி ஒன்றுமே தெரியாது என்று விற்பவர் அடக்கமாக எழுதியிருப்பார். ஆரம்ப விலை சில நூறு டாலர்தான்.

இத்தாலியின் கிரெமோனா நகரில் வாழ்ந்த அந்தோனியோ ஸ்ட்ராடிவாரி 1737-ல் இறந்துவிட்டார். அவர் செய்தவற்றில் மிஞ்சியிருப்பவை சுமார் 650 கருவிகள் என்பது பொதுவான கணக்கு. அவற்றில் பெரும்பாலானவை யாரிடம் இருக்கின்றன என்பதும் பதிவாகியிருக்கிறது. அப்படியானால் இந்தப் பரண் வயலின்கள்? 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஜெர்மனியின் மார்க்நாய்கிர்ஷன், மிட்டன்வால்ட், பிரான்சின் மிர்கூர் போன்ற ஊர்களில் மலைமலையாக வயலின் செய்து ஏற்றுமதி செய்தார்கள். எந்த ஆசானின் மாதிரியைப் பார்த்துச் செய்தார்களோ அவர் பெயரையே உள்ளே ஒட்டினார்கள். அன்றைக்கு இது மோசடியும் இல்லை. கொடுத்த விலையே வாங்கியவருக்கு உண்மையைச் சொல்லிவிடும். மூன்று தலைமுறை கழித்து விலை மறந்துபோய், லேபிள் மட்டும் மிச்சம். அதே லேபிளில் ஆங்கிலத்தில் ‘ஜெர்மனி’ என்றும் அச்சாகியிருந்தால் இன்னும் சுலபம். இறக்குமதிப் பொருளில் நாட்டின் பெயர் இருக்க வேண்டும் என்று அமெரிக்காவின் மெக்கின்லி சுங்கச் சட்டம் 1890-ல்தான் சொன்னது.

பி.காம். படிப்பவர்களுக்கு இந்த இடத்தில் ஜார்ஜ் அகர்லாஃப் ஞாபகம் வரவேண்டும். பழைய கார் சந்தையைப் பற்றி 1970-ல் அவர் எழுதிய கட்டுரைக்காகத்தான் பின்னாளில், 2001-ல், நோபல் கிடைத்தது. நல்ல கார் எது, ஓட்டை கார் எது என்று வாங்குபவருக்குத் தெரியாவிட்டால் அவர் சராசரி விலைதான் தருவார். அந்த விலைக்கு நல்ல கார்க்காரர் விற்கமாட்டார், விலகிவிடுவார். கடைசியில் ஓட்டை கார்கள்தான் சந்தையில் நிற்கும். வயலினுக்கு இது அப்படியே பொருந்தும். அசல் இத்தாலிய வயலின் வைத்திருப்பவர் அதைப் பொதுத் தளத்தில் போடுவதில்லை. நிபுணர் சான்றிதழோடு, இதற்கென்றே இருக்கும் ஏல நிறுவனத்துக்குப் போகிறார்.

1999-ல் தொடங்கிய டாரிசியோ அப்படிப்பட்ட நிறுவனம். அங்கேயும் ஏலம் ஆன்லைனில்தான். 2011 ஜூனில் ‘லேடி பிளன்ட்’ என்ற 1721-ஆம் வருட ஸ்ட்ராடிவாரியஸ் அங்கே சுமார் 98 லட்சம் பவுண்டுக்குப் போனது. 1971-ல் அதே வயலின் விற்ற விலை 84,000 பவுண்ட்! விற்ற நிப்பான் மியூசிக் ஃபவுண்டேஷன் அந்தப் பணத்தை ஜப்பான் சுனாமி நிவாரணத்துக்குக் கொடுத்தது. ஆனால் அங்கே ஏலத்துக்கு முன் கருவிகளைக் காட்சிக்கு வைக்கிறார்கள், வாசித்துப் பார்க்கலாம். பொதுத் தளத்தில் வாங்குபவருக்குக் கிடைப்பது எட்டுப் பத்து புகைப்படங்கள். நாதம் புகைப்படத்தில் வருமா?

அதைவிட ஆபத்து, புகைப்படத்தில் வராத விரிசல். உள்ளே மேல் பலகைக்கும் அடிப்பலகைக்கும் நடுவே ஒரு சின்ன மரக்குச்சி நிற்கும். அது அழுத்தும் இடத்தில் அடிப்பலகை விரிந்திருந்தால் வயலினின் மதிப்பு பாதாளத்துக்குப் போய்விடும். சேமிப்பையெல்லாம் போட்டு வாங்கும் இசை மாணவருக்கு இது தெரியவருவது, பார்சலைப் பிரித்துப் பழுதுபார்ப்பவரிடம் காட்டும்போதுதான்.

வார்த்தைகளையும் வழக்கறிஞர் மாதிரி படிக்க வேண்டும். ‘இன்னார் செய்தது’ என்பது ஒரு உறுதிமொழி. ‘இன்னார் லேபிள் உள்ளது’ என்றால் லேபிள் உள்ளது, அவ்வளவுதான் :-)

கிடாரில் தொல்லை வேறு மாதிரி. 1969 வரை மார்ட்டின் டி-28 கிடாரின் பக்கங்களும் முதுகும் பிரேசில் ரோஸ்வுட்டில் வந்தன, பிறகு நம்ம ஊர் ஈட்டி மரத்துக்கு மாறினார்கள். அந்தப் பழையவற்றுக்குத்தான் கிராக்கி. ஆனால் பிரேசில் ரோஸ்வுட் 1992 முதல் சைட்டிஸ் ஒப்பந்தத்தின் முதல் பட்டியலில் இருக்கிறது. அனுமதிச் சீட்டு இல்லாமல் எல்லை தாண்டினால் சுங்கத்தில் பறிமுதல் ஆகலாம். கிடாரும் போச்சு, கொடுத்த பணமும் போச்சு.

இவ்வளவுக்கும் நடுவே பொதுத் தளத்திலும் நல்ல சரக்கு உண்டு. ஸ்ட்ராடிவாரி என்ற கனவை விட்டுவிட்டு, நூறு வருடப் பழைய ஜெர்மன் பட்டறை வயலின் என்றே நினைத்து, அதற்குரிய விலையில் பழுதுபார்க்கும் செலவைக் கழித்துவிட்டுக் கேட்பவருக்கு அது அமையும். அந்த எண்ணை முன்பே காகிதத்தில் எழுதிவைத்துவிட்டு, கடைசி நிமிடத்தில் மற்றவர்கள் ஏற்றுகிறார்களே என்று மாற்றாமல் இருப்பதுதான் கஷ்டம். அடிப்பலகையின் உட்புறப் படமும், திருப்பி அனுப்பும் நிபந்தனையும் கேட்டு விற்பவருக்கு ஒரு மின்னஞ்சல் போடலாம். ஏலம் முடிவதற்குள் பதில் வரவில்லையென்றால் அடுத்த வயலினைப் பார்க்க வேண்டியதுதான்.