பத்துச் சொல்லுக்கு ஒரு வரி

மொன்றியலில் நடிப்பு ஆசை உள்ள பிள்ளைகளின் பெற்றோர் என்னிடம் முதலில் கேட்பது, யூனியனில் சேர எவ்வளவு காசு கட்டவேண்டும் என்பதைத்தான். "தம்பி, காசைப் பற்றி யோசியாதையும். பிள்ளையை எப்படியாவது உள்ளுக்குள் சேர்த்துவிடும்" என்றார் லசாலில் இருக்கும் ஒரு அக்கா. மகன் அதுவரை பள்ளிக்கூட மேடையில் மட்டும் ஏறியவன்.

அவரைக் குறைசொல்ல ஏலாது. நம் ஆட்களுக்குச் சங்கம் என்றால் சந்தா கட்டிச் சேரும் இடம். நடிகர் சங்கம் என்றால் சென்னைதான் கண்முன் வரும்: 2015 தேர்தலில் விஷால் அணியும் சரத்குமார் அணியும் மல்லுக்கட்டியது, 2019 ஜூனில் போட்ட வாக்குகளை 2022 மார்ச்சில் எண்ணியது, அபிபுல்லா சாலைக் கட்டடம் எப்போது முடியும் என்ற நீண்ட கேள்வி. இங்கே அந்தக் கணக்கு சரிவராது. காசு கடைசியில் வரும் விஷயம். முதலில் வேடம் கிடைக்கவேண்டும்.

இந்த நகரத்தில் நடிகனுக்கு இரண்டு வீடுகள். ஆங்கிலத்தில் திரையிலோ வானொலியிலோ நடித்தால் அக்ட்ரா என்ற சங்கம். பிரெஞ்சில் நடித்தால் யூ.டி.ஏ. என்று எல்லோரும் சொல்லும் கலைஞர் ஒன்றியம். இரண்டில் மூத்தது பிரெஞ்சு வீடு. 1937-இல் வானொலிக் கலைஞர்கள் கூடித் தொடங்கியது. மொன்றியலில் தொலைக்காட்சி ஒளிபரப்பு தொடங்கியதோ 1952-இல்! அக்ட்ராவின் வேரும் வானொலிதான். 1943-இலிருந்து கணக்கு வைக்கிறார்கள். ஆங்கில மேடைக்கு ஈக்குவிட்டி என்று வேறொரு சங்கம் உண்டு. அது 1976-இல் அமெரிக்கத் தாய்ச்சங்கத்திலிருந்து பிரிந்து தனியானது. ஆக ஒரே ஆள் காலையில் கணினி விளையாட்டுக்கு ஆங்கிலத்தில் குரல் கொடுத்து, பின்னேரம் பிரெஞ்சுத் தொடரில் நடித்து, இரவில் பழைய மொன்றியலில் உள்ள சென்ரோர் அரங்கில் மேடையேறினால் மூன்று அலுவலகங்களின் சட்டதிட்டம் தெரிந்திருக்கவேண்டும். மூன்றும் ஒரே நாளில் கிடைத்த அதிர்ஷ்டசாலி எவரையும் நான் கண்டதில்லை, அது வேறு கதை.

கியூபெக் 1987-இல் மேடை, இசைத்தட்டு, திரைப்படக் கலைஞர்களின் தொழில் நிலையைப் பற்றி ஒரு சட்டம் கொண்டுவந்தது. நடிகன் ஒவ்வொரு நாளும் வெவ்வேறு முதலாளியிடம் வேலைசெய்கிறவன். தொழிற்சாலைத் தொழிலாளியின் சட்டம் அவனுக்குப் பொருந்தாது. அப்படிப்பட்டவர்களுக்காகவும் ஒரு சங்கம் தயாரிப்பாளரோடு பேரம்பேசி ஒப்பந்தம் போடலாம் என்று சட்டமே ஏற்றுக்கொண்டது. ஒட்டாவா ஐந்து வருடம் கழித்து, 1992-இல், மத்திய அரசின் அதிகாரத்துக்குள் வரும் துறைகளுக்கு இதேபோல ஒன்றைச் செய்தது. இதெல்லாம் எனக்கு எதற்கு என்று புதுப் பிள்ளைகள் நினைப்பார்கள். படப்பிடிப்பில் ஆறு மணித்தியாலத்துக்குள் சாப்பாடு வருகிறதே, அது தயாரிப்பாளரின் கருணை அல்ல.

சரி, உள்ளே போவது எப்படி? அக்ட்ரா படத்தில் வேடம் கொடுக்க அங்கத்தவருக்குத்தான் முன்னுரிமை. அங்கத்தவராக வேண்டுமானால் அக்ட்ரா படத்தில் நடித்திருக்கவேண்டும். பைத்தியம் தெளிந்தால்தான் கல்யாணம், கல்யாணம் ஆனால்தான் பைத்தியம் தெளியும் என்கிற அதே சிக்கல். இந்த முடிச்சை அவிழ்ப்பதுதான் பெர்மிட். காஸ்டிங் செய்கிறவர் அங்கத்தவர்களைப் பார்த்துவிட்டு, இந்த வேடத்துக்கு வெளியாள்தான் சரி என்று முடிவெடுத்தால், அந்த ஒரு வேலைக்கு மட்டும் செல்லுபடியாகும் அனுமதியைச் சங்கத்திடம் எடுப்பார்கள். பெர்மிட் காசு நடிகனின் தலையில் விழும். முதற் சம்பளத்தில் ஒரு துண்டு அப்படியே போகும். அந்த வேலை தகுதியான வேடமாக இருந்தால் நீங்கள் பயிலுநர் அங்கத்தவராக விண்ணப்பிக்கலாம். அதன்பிறகு வேடம் வேடமாகச் சேர்த்து, பொதுவாக ஆறு கிரெடிட் ஆனதும் முழு அங்கத்தவர். நம்மைப்போல் திரையில் குறைவாகக் காணப்படும் சமூகத்தவருக்கு அதைவிடக் குறைந்த எண்ணிக்கையே போதும் என்ற சலுகையும் உண்டு. யூ.டி.ஏ.யிலும் பாதை கிட்டத்தட்ட இதுதான். பயிலுநராக நுழைந்து, ஒப்பந்தத்துக்கு ஒப்பந்தம் கிரெடிட் சேர்த்து, முழு அங்கத்தவராவது. ஒரு சகோதரச் சங்கத்தில் ஏற்கெனவே இருப்பவர்களுக்கு வேறு வாசலும் இருக்கிறது. கட்டணங்களும் எண்ணிக்கைகளும் மாறிக்கொண்டிருப்பவை, அதனால் அலுவலகத்தில் கேட்பதே புத்தி. முகநூலில் கேட்காதீர்கள்.

மட்டக்களப்புக் கூத்தில் வளர்ந்தவர்களுக்கு இது புதிதாகத் தெரியாது. அண்ணாவியார் ஆளைப் பார்த்து, குரலைப் பார்த்து, அவனுக்குரிய பாட்டு ஏடான சட்டத்தைக் கொடுப்பார். மாதக்கணக்கில் ஆடிப் பழகிய பிறகுதான் சதங்கை அணிதல். அதற்கும் பிறகே களரியில் அரங்கேற்றம். காலில் சதங்கை இல்லாதவனும் ஆடுவான், ஆனால் ஊர் அவனை இன்னும் கூத்தாடி என்று சொல்லாது. பெர்மிட்டில் நடிப்பவனின் நிலை இதுதான்.

வேடம் என்று சொன்னேனே, அதை எப்படி அளக்கிறார்கள் தெரியுமா? பத்துச் சொல் அல்லது அதற்குக் குறைவாக இருந்தால் ஒரு வரி. ஐந்து வரி வரை பேசினால் ஒரு தரம், ஆறு வரியிலிருந்து முதன்மை நடிகர் என்ற தரம். சம்பளம் அதற்கேற்ப ஏறும். எழுதாத வசனத்தை இயக்குநர் படப்பிடிப்பில் பேசச் சொன்னாலும் அது வரிக் கணக்கில் சேரும். இந்த ஒரு விதி தெரிந்திருந்தால் கனபேருக்குக் காசு தவறியிராது. கூட்டத்தில் நிற்க வந்த பெண்ணை இயக்குநர் கைகாட்டி, "நீங்கள் திரும்பி 'அவர் அந்தப் பக்கம் போனார்' என்று சொல்லுங்கள்" என்பார். சொன்ன நிமிடத்தில் அவள் பின்னணி ஆள் இல்லை, நடிகை. தாளில் அது மாறியிருக்கிறதா என்று கையெழுத்திட முன்னர் பார்க்கவேண்டியவள் அவளே.

ஒரு வரி வேடம் என்றால் சின்ன வேலை என்று நினைப்பார்கள். எனக்கு அதுதான் கடினம். கடைக்காரனாக ஒரு காட்சி. போலீஸ்காரர் கோப்பி வாங்க வருவார், நான் மிச்சக்காசைக் கொடுத்து, "அந்த ஆள் நேற்றும் வந்தவர்" என்று சொல்லவேண்டும். அவ்வளவுதான். முதல் தடவை எந்தச் சொல்லில் எந்தக் கையால் காசை நீட்டினேனோ, கமரா இடம் மாறி நாலு பக்கத்திலிருந்து எடுக்கும்போதும் அதே சொல்லில் அதே கை நீளவேண்டும். இல்லாவிட்டால் வெட்டி ஒட்டமுடியாது. தொடர்ச்சி பார்க்கிற அம்மா ஒருவர் மூலையில் இருந்து ஒவ்வொரு விரலையும் எழுதிக்கொண்டிருப்பார். நம் மேடைப் பழக்கமோ கடைசி வரிசைக்குக் குரல் எறிவது. மைக் என் சட்டைப் பித்தானுக்குப் பின்னால் இருக்க, நான் மண்டபத்துக்குக் கதைத்தால் ஒலிப்பதிவாளர் காதைப் பிடிப்பார். முதன்மை நடிகருக்குக் காட்சிக்குள் சூடேற நேரம் கிடைக்கும். ஒற்றை வரிக்காரன் காலை ஐந்து மணிக்கு வந்து, ட்ரெய்லரில் காத்திருந்து, பின்னேரம் கூப்பிட்டதும் கொதித்த நிலையில் உள்ளே போகவேண்டும்.

இதனால்தான் அங்கத்துவ அட்டைக்கு அவசரப்படாதே என்று புதியவர்களிடம் சொல்கிறேன். அங்கத்தவனான பிறகு யூனியன் ஒப்பந்தம் இல்லாத படத்தில் நடிக்கக்கூடாது. மாணவர் படம், நண்பனின் குறும்படம், உள்ளூர் விளம்பரம், எதற்கும் ஒப்பந்தமோ அனுமதியோ வேண்டும். நடிப்பு கற்பதே அந்தச் சின்னப் படங்களில்தான். அந்தக் கதவு மூடிவிட்டால், மறுபக்கம் இருபது வருடம் தொழில் செய்தவர்களோடு ஒரே வேடத்துக்கு நீங்கள் நிற்கவேண்டும். மூன்று குறும்படம் நடித்து, ஷோ ரீல் ஒன்று வெட்டி, ஒடிசன் வீடியோவை நடுக்கமில்லாமல் எடுக்கப் பழகிவிட்டு வாருங்கள். இப்போது ஒடிசனில் பெரும்பகுதி வீட்டிலிருந்தே எடுத்து அனுப்புவதுதான். நீலத் துணி, ஒரு விளக்கு, எதிர்வசனம் வாசிக்கத் தங்கச்சி. தொடக்கத்தில் பெயர், உயரம், யூனியன் நிலை சொல்லவேண்டும். "யூனியன் இல்லை" என்று சொல்லக் கூச்சப்படுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். கூச்சம் தேவையில்லை. மிசிசாகாவைச் சேர்ந்த மைத்ரேயி ராமகிருஷ்ணன் 2019-இல் திறந்த அழைப்புக்கு வீடியோ அனுப்பியபோது தொழில்முறையாக நடித்ததே இல்லை. சுமார் 15,000 பேரில் 'நெவர் ஹேவ் ஐ எவர்' தொடரின் நாயகியாக அவரைத்தான் எடுத்தார்கள்.

சேர்த்துவிடுகிறேன் என்று முன்பணம் கேட்கிறவர்களை மட்டும் கிட்ட எடுக்காதீர்கள். என்னையே ஒரு நிறுவனம் கூப்பிட்டு, படப் பொதி, பயிற்சி வகுப்பு, யூனியன் உத்தரவாதம் என்று நீட்டிய கடதாசியில் கடைசிப் பக்கத்தில்தான் தொகை இருந்தது. உண்மையான ஏஜென்ட் நீங்கள் உழைத்த பிறகு தன் தரகை எடுப்பார், அதற்கு முதல் ஒரு சதமும் கேட்கமாட்டார். அங்கத்துவத்தை விற்க எவருக்கும் அதிகாரம் இல்லை.

அட்டை எதற்கு என்று கேட்டால், இரண்டு காரணம் சொல்வேன். தயாரிப்பாளர் சம்பளத்துக்கு மேலே காப்புறுதிக்கும் ஓய்வூதியத்துக்கும் காசு கட்டுகிறார். அக்ட்ரா அங்கத்தவர்களுக்காக அதைப் பார்க்கும் சங்கம் 1975-இலிருந்து இருக்கிறது. நம் ஊரில் ராஜபார்ட் வேடம் கட்டியவர்கள் வயதான காலத்தில் என்ன பாடுபட்டார்கள் என்று அறிந்தவர்களுக்கு இதன் அருமை தெரியும். இரண்டாவது, சேர்ந்து நிற்கும் பலம். 2007 ஜனவரியில் அக்ட்ரா தன் வரலாற்றிலேயே முதல்தடவையாக வேலைநிறுத்தம் செய்தது. இணையத்தில் படம் ஓடினால் நடிகருக்கு என்ன பங்கு என்பதே சண்டை. அப்போது அது வீண்பிடிவாதம்போலத் தெரிந்தது. இன்று எல்லாமே இணையத்தில்தான் ஓடுகிறது. 2023-இல் அமெரிக்க நடிகர்கள் 118 நாள் வேலைநிறுத்தம் செய்தபோது இங்குள்ள ஸ்டூடியோக்களும் வெறிச்சோடின, நாங்கள் வேலைநிறுத்தத்தில் இல்லாதபோதும்.

நம் பிள்ளைகள் தங்கள் கையில் இருப்பதை அறியாமல் இருக்கிறார்கள். 1977-இல் கியூபெக்கில் வந்த 101ஆம் மொழிச் சட்டத்தால் குடியேறிய குடும்பத்துப் பிள்ளைகள் பிரெஞ்சுப் பள்ளிக்குப் போனார்கள். 83 கலவரத்துக்குப் பிறகு இலங்கையிலிருந்து வந்த பெற்றோர் அதைச் சுமையாகத்தான் பார்த்தார்கள். 1986 ஆகஸ்டில் நியூபவுண்ட்லாந்துக் கரைக்கு அப்பால் மீட்கப்பட்ட 155 தமிழரில் இந்த நகரத்துக்கு வந்தவர்களும் உண்டு. அந்தத் தலைமுறையின் பிள்ளைகள் வீட்டில் தமிழ், பள்ளியில் பிரெஞ்சு, தெருவில் ஆங்கிலம் என்று வளர்ந்தவர்கள். ரொறன்ரோவில் இருக்கும் தமிழ் நடிகருக்கு இந்த வசதி இல்லை. இங்குள்ளவர் இரண்டு யூனியனிலும் கிரெடிட் சேர்க்கலாம். யூபிசாஃப்ட் 1997-இல் இங்கே கடைவிரித்த பிறகு வளர்ந்த விளையாட்டுத் துறையில் குரல் வேலையும் தாராளம். ஒரு மணித்தியாலம் விதம்விதமாகச் செத்துக்கொண்டிருக்க மட்டும் தொண்டை வேண்டும்.

வேடங்கள்தான் இன்னும் பழைய வேடங்கள். டாக்சி, மூலைக்கடை, ஆஸ்பத்திரி. 1981-இலிருந்து மொன்றியலில் இயங்கும் தீஸ்ரி துனியா நாடகக் குழுவைப்போல மேடையில் சிலர் வழி திறந்தார்கள். திரை மெதுவாக நகர்கிறது. ஷியாம் செல்வதுரையின் நாவலைத் தீபா மேத்தா 2020-இல் 'ஃபன்னி போய்' என்று படமாக்கியபோது, தமிழ்க் குடும்பத்தின் கதையில் முக்கிய வேடங்கள் பல தமிழரல்லாதவருக்குப் போனதையும், வசனத்தில் தமிழ் பட்ட பாட்டையும் கனடாத் தமிழர் கடுமையாகக் கண்டித்தார்கள். நானும் அந்தப் பக்கந்தான். ஆனால் காஸ்டிங் மேசையில் நம் பெயர்கள் எத்தனை இருந்திருக்கும் என்ற கேள்வியையும் நாம் கேட்கவேண்டும். கண்டனத்தைவிட ஏஜென்ட்டின் பட்டியலில் பத்துத் தமிழ் முகம் இருப்பது அடுத்த படத்துக்கு உதவும்.

ஒன்றைப் பலரும் கவனிப்பதில்லை. யூ.டி.ஏ.யின் எல்லை பிரெஞ்சோடு முடியவில்லை. கியூபெக்கில் ஆங்கிலம் தவிர்ந்த மற்ற மொழிகளில் நடிப்பவர்களும் அதன் வட்டத்துக்குள் வருகிறார்கள். அதாவது மொன்றியலின் பார்க் எக்ஸ்டென்ஷனில் தமிழில் ஒரு படம் எடுத்தால் அதில் நடிப்பவருக்கான வீடு பிரெஞ்சுக் கலைஞர்களின் வீடுதான். நம் படங்கள் பெரும்பாலும் எந்தத் தாளும் இல்லாமல் எடுக்கப்படுகின்றன. அதில் நடித்தவரின் உழைப்பு எங்கும் கிரெடிட்டாக ஏறுவதில்லை, அட்டை வைத்திருக்கும் தமிழ் நடிகரோ அந்தப் படத்தில் நடிக்கவே முடிவதில்லை.

தமிழில் படமெடுக்கும் தம்பி தங்கச்சிமாரிடம் இதையே கேட்கிறேன். கமரா வாடகைக்கு எடுக்க முன்னர் ஒருமுறை யூ.டி.ஏ. அலுவலகத்துக்குத் தொலைபேசி எடுத்து, சிறிய படங்களுக்கும் மாணவர் படங்களுக்கும் என்ன ஏற்பாடு இருக்கிறது என்று விசாரியுங்கள். பிரெஞ்சில் கதைக்க யோசனையாக இருந்தால் என்னைக் கூப்பிடுங்கள், நான் கதைத்துத் தருகிறேன்.