மடை யாளி வழக்கு

புதுக்கோட்டையில் தொழில் செய்யும் வக்கீலுக்குப் பாகப்பிரிவினை வரும், செக் வழக்கு வரும், விபத்து இழப்பீடு வரும். பதிப்புரிமை வருவது அபூர்வம். அதுவும் ஒரு யாளிக்காக வந்தது இது ஒன்றுதான்.

கட்சிக்காரர் அறந்தாங்கிப் பக்கத்து இளைஞர். ஆவுடையார்கோவில் தூண்களைப் பார்த்து வளர்ந்தவர். டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் 1974-இல் அமெரிக்காவில் வெளியான விளையாட்டு. மேசையைச் சுற்றி உட்கார்ந்து ஒருவர் கதை நடத்த, மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரமாகப் பகடை உருட்டுவார்கள். அதற்காக இவர், கண்மாய் மடைக்குள் குடியிருக்கும் ஒரு யாளியை உருவாக்கிப் படமும் கதையுமாக இணையத்தில் விற்றார். பெங்களூர்க்காரர் ஒருவர் அதை அப்படியே எடுத்துத் தன் புத்தகத்தில் போட்டுக்கொண்டார்.

"படம் போனாப் போகுது சார், என் கணக்கைத் திருடிட்டான்" என்றார் கட்சிக்காரர்.

என்ன கணக்கு தம்பி என்று கேட்டேன். ஒரு மாலை முழுக்கப் பாடம் எடுத்தார். 2014 விதிநூல்படி, ஐந்தாம் நிலை வீரர்கள் நால்வருக்கு ஈடான பூதம் என்றால் உயிர்ப்புள்ளி 131 முதல் 145 வரை, கவசம் 15, ஒரு சுற்றுக்குத் தரும் அடி 33 முதல் 38 வரை. ஆனால் அந்த அட்டவணையை நம்பி இறங்கினால் ஆட்டம் சப்பென்று போகும். வீரர்களுக்கு நான்கு வாய்ப்பு, தனியாக நிற்கும் யாளிக்கு ஒன்றுதான், சீக்கிரமே சாய்ந்துவிடும். சரி, அடியைக் கூட்டலாம் என்றால் முதல் அறையிலேயே மந்திரவாதி காலி. அதனால் நகத்தின் பலத்தைக் குறைத்து, அடுத்தவர் முறை முடிகிற இடைவெளியில் வாலால் ஒரு வீச்சு கொடுத்திருந்தார். அதோடு ஒரு சூட்சுமம்: கண்மாயில் நீர் இறங்க இறங்க யாளியின் கவசம் தளரும். யாராவது மடையைத் திறக்க யோசித்தால் பிழைத்தார்கள். வாராவாரம் நண்பர்களை உட்காரவைத்து ஆடி ஆடித் திருத்திய எண்கள் அவை.

அவர் அதிகம் உழைத்தது எதற்கோ, சட்டம் அதற்குத்தான் கைகொடுக்கவில்லை. பதிப்புரிமைச் சட்டத்தின் 2(ஓ) பிரிவு அட்டவணைகளையும் இலக்கியப் படைப்பு என்கிறதே என்று முதலில் ஆசைப்பட்டேன். ஆனால் எதிரே நின்றது 2008-ஆம் ஆண்டு மேட்டல் தீர்ப்பு. கொல்கத்தாவின் அகர்வாலா சகோதரர்கள் மேட்டல் நிறுவனத்தின் ஸ்கிராபிள் சொல்லாட்டத்தை ஒட்டி ஸ்கிராபுலஸ் நடத்தியபோது, பெயருக்குத் தடை போட்ட டெல்லி உயர் நீதிமன்றம் பலகைக்குப் பதிப்புரிமை இல்லை என்றது. ஒரு கருத்தைச் சொல்ல வேறு வழியே இல்லையென்றால் அந்தச் சொல்முறைக்கு யாரும் சொந்தம் கொண்டாட முடியாது. யாளியின் உயிர்ப்புள்ளி 136 என்றால் 136 என்றுதானே எழுத முடியும்!

கதைப் பகுதி வேறு. அதை வரிக்கு வரி, எழுத்துப்பிழை உட்பட எடுத்திருந்தார்கள். எல்லாக் கோவிலிலும் யாளி இருக்கிறது என்று பதில் நோட்டீஸ் வந்தது. இருக்கட்டும், கரு பொது, எழுதிய விதம் எழுதினவனுடையது என்று உச்ச நீதிமன்றம் 1978-லேயே ஆர்.ஜி. ஆனந்த் வழக்கில் சொல்லிவிட்டது.

நோட்டீஸ் அனுப்புவதற்கு முன்பே எங்கள் பக்கத்து ஓட்டை ஒன்றையும் அடைக்க வேண்டியிருந்தது. டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸை வெளியிடும் விசார்ட்ஸ் ஆஃப் தி கோஸ்ட் நிறுவனம் அதன் அடிப்படை விதித்தொகுப்பை 2023 ஜனவரி 27 அன்று கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் விட்டது. யாரும் எடுக்கலாம், மூலத்தைக் குறிப்பிட வேண்டும் என்பதுதான் நிபந்தனை. கட்சிக்காரர் புத்தகத்தில் அந்த ஒரு வரி இல்லை. சேர்க்கும்வரை நோட்டீஸ் போகாது என்று சொல்லிவிட்டேன். முகம் சுளித்தார், சேர்த்தார்.

எனக்குக் கிடைத்த பிடிமானம் 62-ஆம் பிரிவு. வாதி குடியிருக்கும் ஊர் மாவட்ட நீதிமன்றத்திலேயே வழக்குப் போடலாம். பெங்களூரிலிருந்து வாய்தாவுக்கு வாய்தா புதுக்கோட்டை வரவேண்டும் என்று புரிந்ததும் எதிர்த்தரப்பு வக்கீலின் குரல் இறங்கியது. படமும் கதையும் நீக்கம், ஒரு தொகை, எண்கள் அவர்களிடமே. அந்தக் கடைசி ஷரத்தில் கட்சிக்காரரின் பேனா வெகுநேரம் நின்றது.

சில மாதம் கழித்துப் போன் செய்தார். அவர்களுடைய புதிய பதிப்பில் யாளி இருந்த இடத்தில் ஒரு ராட்சதச் சிலந்தியாம், மலைக்குகையில். அதே 136, அதே கவசம். "தண்ணி விதியையும் எடுக்காம விட்டுட்டானுங்க சார். குகையில ஏது தண்ணி, சிலந்திக்கு ஏன் கவசம் தளருதுன்னு வாங்கினவங்க எல்லாம் கேக்குறாங்க."